குதிகாலும் பத்து மரமும்

இருபத்தொரு நாள் தவணை.

கண்டக்டர் ஐயா அதை வாயால் சொல்லவில்லை. கறுப்பு டயரியைப் புரட்டி, ஒரு தாளின் மூலையை மடித்து, புஷ்பவதியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த மடிப்புக்குள்ளேதான் அவளுடைய தலையெழுத்து இருந்தது.

கண்டக்டர் என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவரை நினைத்துவிட வேண்டாம். கஹவத்தைக்கு மேலேயுள்ள அந்த இறப்பர் தோட்டத்தில், மலையில் நடக்கிற வேலை அத்தனைக்கும் பொறுப்பான உத்தியோகஸ்தர் பாலசுப்பிரமணியம். பெரிய தொரை பங்களாவில் இருக்கலாம். ஆனால் யாருக்கு எந்த மரம் என்பது பாலசுப்பிரமணியத்தின் பென்சில் நுனியில் இருந்தது.

நாலு மாதத்துக்கு முன்பு, ஏழாம் நம்பர் மலையில், மழை விட்ட ஒரு காலையில், புஷ்பவதியின் இடது கால் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கியது. உடம்பு ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதாகச் சொன்னார்கள். பதினொரு வருஷமாக அவள் பால் வெட்டிய மரங்கள் அன்றைக்கே, லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் மருதாயியின் கைக்குப் போயின. மரம் காத்திருக்காது. ஆள் விழுந்தாலும் மரத்துக்குக் கத்தி விழவேண்டும்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது கால் அவளுடையதாக இல்லை. விறகுக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து முழங்காலில் பொருத்தியது போலிருந்தது. நடக்க முடிந்தது. படி ஏற முடிந்தது. குந்த மட்டும் முடியவில்லை.

குந்த முடியாதவளுக்கு ஏழாம் நம்பரில் என்ன வேலை? அங்கே உள்ளவை பாதிக்குமேல் அடிவெட்டு மரங்கள். வருஷா வருஷம் கத்திக்கோடு கீழே இறங்கி இறங்கி, முழங்காலுக்கும் கீழே வந்துவிட்ட மரங்கள். குந்தி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே அரைவட்டம் நகர்ந்து வெட்டவேண்டும். மண்டியிட்டால் தோள் உயர்ந்துவிடும், கத்தி ஆழப் போகும், பட்டைக்குள் காயம் படும். காயம் பட்ட மரம் அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காகப் பால் தராது.

அதனால் கண்டக்டர் ஐயா ஒரு பரீட்சை வைத்தார். ஆள் அடிபட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தோட்டத்தில் எப்போதும் வைக்கிற பரீட்சைதான். அடிவெட்டு மரம் பத்து. மண்டியிடக் கூடாது. மரத்தைப் பிடிக்கக் கூடாது. பத்திலும் காயமில்லாமல் கோடு இறங்கினால் மரம் அவளுக்கு. ஒன்று தவறினாலும் மருதாயிக்கு.

தவறினால் புஷ்பவதிக்கு என்ன வழி என்பதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. புருஷன் ஏழுமலையின் தங்கச்சி சுமித்ரா, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். நின்றுகொண்டே செய்கிற வேலை, குந்தவே வேண்டியதில்லை அண்ணி என்று போனில் ஆசையாகச் சொன்னாள். ஆனால் அங்கேயே தங்கவேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வரலாம். கடைசி மகள் ராகினி அடுத்த வருஷம் பெரிய பரீட்சை எழுதப்போகிறாள். அவளுக்குச் சோறு போட்டுப் பஸ் ஏற்றிவிட ஆள் இல்லாமல் போகும்.

மரமா, கொழும்பா? இருபத்தொரு நாளில் ஒரு கணுக்கால் முடிவு சொல்லவேண்டும்.

*

வழி காட்டியவள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருந்த நிலந்தி மிஸ். ஒல்லியாக, வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கால் வலிக்காரர்களை ஈவிரக்கமில்லாமல் வளைக்கிறவள். புஷ்பவதிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே இரண்டு பேரும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டார்கள். மிஸ் காலைப் பிடித்து மேலே கீழே ஆட்டிப் பார்த்தாள். எலும்பு சரியாகக் கூடிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, தசைதான் இறுகிப் போயிருக்கிறது என்றாள். நாலு மாதம் முக்காலியில் உட்கார்ந்தே இருந்ததில் கணுக்கால் மட்டுமில்லை, இடுப்பும் தொடையும் சேர்ந்து பூட்டிக்கொண்டன என்றாள்.

பிறகு பாயை விரித்துச் செய்துகாட்டினாள். கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு துவாயைப் பாதத்தில் கொடுத்து, விரல் தன் பக்கம் வருமாறு இழுத்துப் பிடிக்கவேண்டும், முப்பது எண்ணும் வரை. காலை அந்தரத்தில் தூக்கி, பெருவிரலால் எழுத்து எழுதவேண்டும். இரண்டு உள்ளங்காலையும் ஒன்றோடொன்று சேர்த்து, முழங்கால்களை வண்ணத்துப்பூச்சி இறகு மாதிரி இரண்டு பக்கமும் தாழ்த்தவேண்டும். மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மற்ற முழங்கால்மேல் போட்டு, தொடையை நெஞ்சுக்கு இழுக்கவேண்டும். கடைசியாகக் குந்துதல். முதலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல்.

"மட்டமான தரையிலதான் குந்தணும் அம்மே," என்றாள் மிஸ் சிங்களத்தில். "ரெண்டு குதிகாலும் தரையில படணும். அது பட்டாத்தான் கணக்கு. இழுவை வரலாம், இழுவை நல்லது. குத்துற மாதிரி வலி வந்தா நிறுத்திடுங்க."

புஷ்பவதி எல்லாவற்றுக்கும் ஹரி மிஸ், ஹரி மிஸ் என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டினாள். ஒரு வார்த்தையையும் விடவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

*

விடிகாலை ஏழுமலை பால் சேர்க்கிற ஸ்டோருக்கு வேலைக்குப் போனதும், ராகினி பஸ் ஏறியதும், காம்பராவுக்குள் பாய் விரியும். துவாய் இழுவை. வண்ணத்துப்பூச்சி. எழுத்து. மிஸ் சொன்னது சிங்கள எழுத்து. புஷ்பவதியின் கால் தமிழில் எழுதியது. அ, ஆ சுகமாகப் போனது. ‘ஞ’ வந்தபோது கணுக்கால் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

குந்துவதற்கு மட்டும் வாசலுக்கு வரவேண்டியிருந்தது. உள்ளே கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் முழங்காலை விரிக்க இடமில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் விறகு அடுக்கியிருந்தது. லயத்து வாசல்தான் பரந்த இடம். இருபது வீட்டு உடுப்பு காய்கிற, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற மண் வாசல்.

பார்வையாளர்களுக்குக் குறைவில்லை. முதல் ஆள் மருதாயி. பால் ஸ்டோரில் வாளியை இறக்கிவிட்டு வந்து, படியில் சாய்ந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்னடி இவளே, முட்டை இடப்போறியா?"

"இட்டா ஒனக்கும் ஒன்னு தாறேன். போயி சோத்தப் பொங்கு."

மருதாயி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். புஷ்பவதிக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் தோற்றால் மரம் அவளுக்கு. அப்படிப்பட்டவள் ஒவ்வொரு நாளும் வந்து நின்று பார்ப்பது எதற்கு? வளைகிறதா, வளையவில்லையா என்று வேவு பார்க்கவா?

குந்துவதில் ஒரு ஒழுங்கை அவள் விடவில்லை. லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், மாரியம்மன் கோயில் தெரியும். அம்மனுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குந்துவது அந்த லயத்தில் யாரும் செய்யாத காரியம். பாத்திரம் கழுவுகிறவள்கூடக் கோயிலைப் பார்த்தபடி அல்லது பக்கவாட்டாகத் திரும்பித்தான் உட்காருவாள். புஷ்பவதியும் கோயிலை நேரே பார்த்து, கைகளை முன்னே நீட்டி, மெல்ல இறங்கினாள்.

முதல் நாள் பாதி வழியில் நின்றுபோனது. மூன்றாம் நாள் உடுப்புக் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு முக்கால் வழி. ஏழாம் நாள் பிடி இல்லாமல் இறங்கி, தொடை பின்காலில் படிந்து, குதிகால் இரண்டும் தரையில் பச்சென்று பட்டன. பத்தாம் நாள் அந்த நிலையிலேயே ஒரு சுளகு அரிசியைப் புடைத்து முடித்தாள்.

அன்றைக்கு ஏழுமலை வந்து பார்த்தான். அதிகம் பேசாத மனிதன். குனிந்து, அவள் குதிகாலுக்கும் மண்ணுக்கும் நடுவில் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. எழுந்து போய் அவளுடைய பால் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான்.

வெற்றி கைக்கு வந்துவிட்டது என்றுதான் அந்த வீடு நினைத்தது.

*

பதினோராம் நாள் பகல். பால் எடுத்து எல்லோரும் இறங்கிப்போன நேரம். ஏழாம் நம்பர் மலையில் காக்காய் குருவி இல்லை. புஷ்பவதி யாருக்கும் சொல்லாமல் ஏறிப்போனாள். வெட்டுவதற்கில்லை, வெறுங்கையோடு மரத்தடியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க.

முதல் மரத்தின் அடிக்கு மேட்டுப்பக்கமாகப் போய்க் குந்தினாள். வாசலில் இறங்கியது போலவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கையைக் கோட்டில் வைத்து, கத்தி பிடிப்பது போல இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு நிறைந்தது.

இரண்டாவது மரத்தில் கோடு பள்ளத்துப் பக்கம் இருந்தது. கீழே இறங்கி, மரத்தைப் பார்த்து நின்று, குந்தினாள்.

முக்கால் வழியில் குதிகால் மண்ணை விட்டுக் கிளம்பியது. அழுத்தினாள். உடம்பு பின்னுக்குச் சாய்ந்தது. பிடிக்க எதுவும் இல்லை. மல்லாக்க விழுந்து, சருகோடு சருகாக இரண்டு முழம் உருண்டு, கீழ் நிரை மரத்தில் முதுகு முட்டி நின்றாள்.

அடிபடவில்லை. எழுந்து மறுபடி குந்தினாள். மறுபடி விழுந்தாள். மூன்றாம் தடவை விழுந்தபோது எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். பத்து நாள் இழுத்த இழுவையெல்லாம் பொய்யா? வாசலில் தொட்ட குதிகால் மலையில் ஏன் தொடமாட்டேன் என்கிறது? வெள்ளவத்தை வீட்டுக் குசினி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஆனால் பதினொரு வருஷம் மரத்தோடு பழகியவள் அவள். ஒரு மரம் பால் தராவிட்டால் பக்கத்து மரத்தைப் பார்த்துத்தான் காரணம் கண்டுபிடிப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாவது மரம், மேட்டுப்பக்கக் கோடு. குந்தினாள், சரியாக வந்தது. நாலாவதும் மேட்டுப்பக்கம், சரி. ஐந்தாவது பள்ளத்துப் பக்கம், விழுந்தாள். ஆறாவது பள்ளம். இந்தத் தடவை மரத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை, ஆனால் குதிகால் அந்தரத்தில். பதினைந்து மரம் பார்த்தாள். ஒரு மரமும் மாற்றிச் சொல்லவில்லை. பள்ளத்தைப் பார்த்துக் குந்தினால் கால் நல்ல கால். மேட்டைப் பார்த்துக் குந்தினால் உடைந்த கால்.

வேகமாக லயத்துக்கு இறங்கினாள். பீலியில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து, நடு வாசலில், தான் தினமும் குந்துகிற இடத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் அங்கே நிற்கவில்லை. கோயில் பக்கமாக ஓடி, வாசல் விளிம்பில் குதித்து, பள்ளத்துக்குப் போய்விட்டது.

அந்த வாசல் மட்டமில்லை.

நாற்பத்தெட்டு வருஷம் அவள் அதன்மேல் நடந்திருக்கிறாள். தோட்டத்திலேயே மட்டமான இடம் எது என்று யாரைக் கேட்டாலும் இந்த வாசலைத்தான் காட்டுவார்கள். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்றவர்களுக்குச் சின்னச் சரிவு சரிவாகவே தெரிவதில்லை. மிஸ் மட்டமான தரை என்று சொன்னபோது அவள் மனதுக்குள் இந்த வாசல்தான் வந்தது.

கோயிலைப் பார்த்துக் குந்தினால் குதிகால் மேட்டுப்பக்கம். தரையே எழும்பி வந்து குதிகாலைத் தொட்டிருக்கிறது. கணுக்கால் ஒரு நாளும் வளையவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்தாள். நிலந்தி மிஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு, வீணாகப் போகவில்லை, இடுப்பும் தொடையும் நன்றாகத் திறந்துவிட்டன, இனி மிச்சம் கணுக்கால் மட்டும்தான் என்று தைரியம் சொன்னாள். புதிதாக ஒன்று சேர்த்தாள். சுவரைப் பார்த்து நின்று, பாதத்தைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து, குதிகால் கிளம்பாமல் முழங்காலால் சுவரை முட்டவேண்டும். முட்டினால் மூன்று விரல் தள்ளலாம். பிறகு நாலு. அவசரப்பட்டுத் திடீரென்று அழுத்தக் கூடாது. அப்புறம், திரும்பி மேட்டைப் பார்த்துக் குந்திப் பழகுங்கள் என்றாள். முதலில் பிடித்துக்கொண்டு.

பத்து நாள் மிச்சம் இருந்தது.

*

சுவர் வேலை உடனே தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மருதாயி வீடு.

"யாருடி அது கதவத் தட்டுறது?" என்று அவள் குரல் வந்தது.

"கதவில்ல, சொவரு. என் முட்டிக்கால்."

பிறகு மருதாயி தன் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்தைக் கழற்றி வைத்த சத்தம் கேட்டது.

சிக்கல் குந்துவதில் வந்தது. மேட்டைப் பார்த்துக் குந்தினால் அம்மனுக்குப் பின்பக்கம். ஏழுமலை இதைக் கேட்டுவிட்டு, அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று முனகினான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒருமுறை திரும்பி நின்று பார்த்தாள். முதுகு கூசியது. குந்தாமலேயே திரும்பிக்கொண்டாள்.

மருதாயி இதையும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குக் கீழ போயி குந்தேன்டி," என்றாள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி. "அங்கேருந்து பாத்தா மேடும் அவதான், சாமியும் அவதான்."

புஷ்பவதி அசந்துபோனாள். கோயிலுக்குக் கீழே ஓடைவரைக்கும் புல்சரிவு. அங்கே நின்று மேட்டைப் பார்த்தால் கோயில் கண்ணுக்கு நேரே இருக்கும். இத்தனை சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும், அதை மருதாயி சொன்னாளே என்று சந்தேகமாகவும் இருந்தது. எதிராளி சும்மா வழி சொல்வாளா? புல் வழுக்கும், இன்னொரு தடவை கால் உடையட்டும் என்று நினைக்கிறாளோ?

சந்தேகத்தோடேதான் போனாள். புல்லில்லாத மண்தரையாகப் பார்த்துக்கொண்டாள். கோயில் வேலிக்கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். பின்காலில் குதிகாலுக்குச் சற்று மேலே யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருந்தது. முப்பது எண்ணினாள். எழுந்தாள். மறுபடி முப்பது.

சுவரில் இரண்டு விரல், மூன்று விரலானது. மூன்றிலேயே நாலு நாள் நின்றது. சுவர் வேலை தொடங்கிய எட்டாம் நாள் நாலு விரலில் முழங்கால் சுவரை முத்தமிட்டது. அன்று சாயங்காலம் கோயிலுக்குக் கீழே வேலிக்கம்பை விட்டாள். இரண்டு குதிகாலும் மண்ணில். உடம்பு ஆடியது. ஆனால் விழவில்லை.

விழாமல் இருந்தது இருபது எண்ணும் வரைதான். ஒரு மரத்தை வெட்டி முடிக்க அதற்குமேல் வேண்டும்.

*

மடித்த தாளின் நாள் வந்தது. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்து, கண்டக்டர் ஐயா முன்னால் நடக்க, புஷ்பவதி வாளியும் கத்தியுமாகப் பின்னால் ஏறினாள். மூன்றாவதாக மருதாயி. இப்போது மரம் அவள் கையில் இருப்பதால், எது அடிவெட்டு என்று காட்டவேண்டியவள் அவள்தான்.

"பத்து மரத்தக் காட்டு," என்றார் ஐயா.

மருதாயி யோசிக்கவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து, ஒவ்வொரு மரமாகக் கையால் தட்டிக்கொண்டே போனாள். முதல் மரம் பள்ளத்துப் பக்கக் கோடு. இரண்டாவதும் பள்ளம். மூன்றாவதுக்கு முன்னால் மேட்டுப்பக்கக் கோடு உள்ள மரம் ஒன்று வந்தது. அதைத் தாண்டிப்போய் அடுத்ததைத் தட்டினாள். அதுவும் பள்ளம். பத்தும் பள்ளம்.

புஷ்பவதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பொறுக்கி எடுத்திருக்கிறாள் பாதகத்தி. சுவரில் முட்டிய ஒவ்வொரு முட்டலையும் கேட்டுக்கொண்டிருந்து, கோயிலடியில் ஆடிய ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, எங்கே அடித்தால் விழுவாள் என்று தெரிந்து அடித்திருக்கிறாள்.

ஐயாவிடம் முறையிடலாமா? முறையிட்டால் என்ன சொல்வது? மேட்டுப்பக்கம் மட்டும்தான் வெட்டுவேன் என்றா?

வாயை மூடிக்கொண்டு முதல் மரத்தடிக்கு இறங்கினாள். பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்தாள். விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பினாள். மூச்சை விட்டுக்கொண்டே இறங்கினாள். குதிகால் மண்ணைத் தொட்டது. கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்தாள். கத்தி கோட்டில் விழுந்து, மெல்லிய பட்டைச் சுருள் வழுக்கி வந்தது. பாதி கோட்டில் நகரவேண்டும். பாதத்தை ஒன்றன்பின் ஒன்றாக, கிளம்பாமல், இழுத்து நகர்ந்தாள். சிரட்டையை நிமிர்த்தி வைத்து எழுந்தாள். பால் சொட்டியது.

ஐயா குனிந்து கோட்டை விரலால் தடவினார். அடுத்த மரத்துக்கு நடந்தார்.

இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவதில் தொடை நடுங்கத் தொடங்கியது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நடக்கும்போது கணுக்காலை உள்ளே வெளியே சுழற்றிக்கொண்டாள். ஆறு. ஏழு.

எட்டாவது மரம் சரிவின் மிக மோசமான இடத்தில் இருந்தது. மண் கரைந்து வேர் தெரிந்தது. கோடு ஒரு சாணுக்கும் கீழே. குந்தினாள். வலது குதிகால் ஊன்றியது. இடது குதிகால் ஒரு நூல் உயரத்தில் நின்றது. பின்கால் கயிறு முறுக்கேறி நின்றது. ஐயாவின் சப்பாத்து பக்கத்தில் தெரிந்தது. அவர் பார்ப்பது கோட்டையா, குதிகாலையா?

கையை மரத்துக்கு நீட்ட ஒரு கணம் போதும். நீட்டினால் முடிந்தது.

நீட்டவில்லை. பாரத்தை வலது பக்கம் கொஞ்சம் மாற்றி, இடது முழங்காலைச் சுவரில் முட்டுகிற அதே சாய்வில் முன்னே தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். ஒன்பதில் கயிறு இளகியது. குதிகால் உட்கார்ந்தது. கத்தியை எடுத்தாள்.

ஒன்பதும் பத்தும் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் பதினோராவது மரத்தடியில் குந்தி, ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்துதானே சொன்னேன்," என்றார் பாலசுப்பிரமணியம்.

"நிப்பாட்டச் சொல்லலீங்களே ஐயா."

அவர் டயரியைத் திறந்து, மடித்த மூலையை நிமிர்த்தி நீவிவிட்டார். பென்சிலால் ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை எழுதினார். நாளையிலிருந்து நேரத்துக்கு வா என்றார். போய்விட்டார்.

புஷ்பவதி குந்திய நிலையிலேயே இருந்தாள். எழுந்தால் கால் மடங்கிவிடும் என்று பயமாக இருந்தது. நாலு மாதமாக நெஞ்சுக்குள் கட்டியிருந்த ஏதோ ஒன்று, அணைக்கட்டு திறந்தது போல இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மருதாயி எதிரில் வந்து தொப்பென்று வேரில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி அந்த மரமா பொறுக்கிக் காட்டுன?" என்று கேட்டாள் புஷ்பவதி. கோபத்துக்குக்கூடக் குரலில் பலமில்லை.

மருதாயி விழித்தாள். "பின்ன? நீ தெனமும் கோயிலுக்குக் கீழ மேட்டப் பாத்துத்தானே குந்திக்கிட்டு இருந்த. அப்புடி குந்துனாத்தான் ஒனக்குச் சுகம்னு நெனச்சி, அந்த மரமா பாத்துப் பாத்துக் காட்டுனேன்."

"சுகமா? அதுதான்டி எனக்கு வராதது. வராததத்தானே பழகிக்கிட்டு இருந்தேன்."

"அடப் பாவமே." மருதாயி வாயில் கைவைத்தாள். "நீ தோத்திருந்தா நான்ல செத்தேன்," என்றாள். "இந்த அடிவெட்டு மரத்தக் குந்தி வெட்டி என் இடுப்பு போயிருச்சு. ஐயாகிட்ட வேணாம்னு சொன்னா வேற மரமும் தரமாட்டாரு. நீ எப்ப எந்திரிப்ப, எப்ப எந்திரிப்பன்னுதான் தெனமும் வந்து பாத்துக்கிட்டு நின்னேன்."

புஷ்பவதிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்ததில் நிலை தவறி மல்லாக்கச் சருகில் விழுந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்க அவசரமில்லை. மருதாயியும் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

பால் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியபோது, மதகுக் கட்டையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தான். வேலை நேரத்தில் ஸ்டோரை விட்டு வந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான் போல.

"சுமித்ராவுக்குப் போன் எடுத்துச் சொல்லிருங்க," என்றாள் அவள். "கொழும்புக்கு வரலன்னு."

"சொல்லியாச்சு."

"எப்ப?"

"முந்தாநாளு. அந்த வீட்டுக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லிட்டேன்."

புஷ்பவதி வாளியைக் கீழே வைத்தாள். முந்தாநாள் என்றால் அவள் கோயிலடியில் இருபது எண்ணுவதற்குள் ஆடிக்கொண்டிருந்த நாள். வெல்வாளா என்று யாருக்கும் தெரியாத நாள்.

"அப்ப இன்னைக்கி நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டுக் குந்துனதெல்லாம்?"

"மரத்துக்குத்தானே குந்துன," என்றான் ஏழுமலை. "கொழும்புக்கா குந்துன? தோத்திருந்தா வேற ஏதாவது பாத்திருப்போம். புள்ளயும் நானும் ஒன்னய அனுப்பிட்டு என்னத்தப் பண்றது?"

அவளுக்குத் திட்டவேண்டும் போலிருந்தது. ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் இரண்டு நாள் தூங்கியிருப்பாளே. ஆனால் சொல்லியிருந்தால் எட்டாவது மரத்தில் அந்த ஒன்பது வரை எண்ணியிருப்பாளா என்றும் தோன்றியது. யோசிக்க இனி நேரம் நிறைய இருக்கிறது. கணுக்கால் வேறு விண் விண்ணென்று தெறித்தது.

"நாளைக்கிப் பெரட்டுக்கு நேரத்தோட போவணும்," என்றாள். "அந்த வாளியத் தூக்குங்க."

ஏழுமலை வாளியைத் தூக்கிக்கொண்டான்.